வாடகைக் கடையிலிருந்து சொந்த வீட்டுக்கு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நோயாளிகளுக்கு வீட்டில் தேவைப்படும் கட்டில், மோட்டாரால் காற்று நிரப்பும் ஏர் பெட், சக்கர நாற்காலி, வாக்கர், கமோடு நாற்காலி, காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்துத் தரும் கான்சன்ட்ரேட்டர் போன்றவற்றை இரவலாகக் கொடுப்பதும், தேவை முடிந்ததும் திரும்ப வாங்கிக் கழுவித் துடைத்து அடுத்தவருக்குக் கொடுப்பதும்தான் எங்கள் அறக்கட்டளையின் வேலை. கட்டணம் கிடையாது. சம்பளம் வாங்குகிறவர்களும் கிடையாது. இதுவரை திருநெல்வேலி வண்ணார்பேட்டைப் பக்கம் ஒரு வாடகைக் கடையில் இருந்தோம். இப்போது பாளையங்கோட்டையில் ஒரு பழைய வீடு எங்களுக்கென்று அமைந்திருக்கிறது. செய்தி பரவியதிலிருந்து கேள்விகள் வந்துகொண்டே இருக்கின்றன. சிலது வாழ்த்தாக, சிலது சந்தேகமாக, சிலது "இதுக்கு மேல இவங்களும் மாறிருவாங்க" என்ற முனகலாக. எல்லாவற்றுக்கும் இங்கேயே பதில் சொல்லிவிடுகிறோம்.

வீட்டை விலைக்கு வாங்கினீர்களா?

இல்லை, தானமாக வந்தது. வாக்கரைத் திருப்பிக் கொடுக்க வந்த ஒருவர், கடைக்குள் இடமில்லாமல் கட்டில்கள் தெருவோரம் தார்ப்பாய்க்குள் நிற்பதைப் பார்த்தார். அவருடைய பெற்றோரின் வீடு பூட்டிக் கிடந்தது. பிள்ளைகளில் யாரும் ஊர் திரும்பப் போவதில்லை. பேச்சு அங்கே தொடங்கியது.

பேச்சு தொடங்கியதற்கும் சாவி கைக்கு வந்ததற்கும் நடுவில் நிறைய காகிதம் இருக்கிறது. சொத்துரிமை மாற்றச் சட்டம் 1882-இன்படி அசையாச் சொத்தைத் தானம் கொடுக்கப் பதிவுசெய்த பத்திரம் வேண்டும். இரண்டு சாட்சிகள் கையெழுத்துப் போட வேண்டும். கொடுப்பவர் உயிரோடு இருக்கும்போதே வாங்குபவர் ஏற்றுக்கொண்டாக வேண்டும். பெற்றோர் காலமாகிவிட்டதால் வாரிசுச் சான்று எடுத்து, வாரிசுகள் எல்லோரும் சேர்ந்து எழுதிக் கொடுத்தார்கள். வெளிநாட்டில் இருக்கும் மகள் இந்தியத் தூதரகத்தில் கையெழுத்திட்டு அதிகாரப் பத்திரம் அனுப்பினார். அப்படி வரும் பத்திரத்துக்கு இந்தியாவுக்கு வந்த மூன்று மாதத்துக்குள் முத்திரைக் கட்டணம் செலுத்திவிட வேண்டும். இது பலருக்குத் தெரிவதில்லை, அலமாரியில் வைத்து மறந்துவிடுவார்கள். மூலப்பத்திரம், வில்லங்கச் சான்று, பட்டா மூன்றையும் எங்களோடு இருக்கும் ஓய்வுபெற்ற பத்திர எழுத்தர் ஒருவர் வரி வரியாகப் பார்த்தார்.

இதேபோல வீடோ மனையோ கொடுக்க நினைக்கிற குடும்பங்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். அண்ணன் தம்பி, அக்காள் தங்கை எல்லோரும் உட்கார்ந்து பேசிச் சம்மதித்த பிறகு எங்களிடம் வாருங்கள். ஒரு தங்கச்சிக்குத் தெரியாமல் வருகிற வீடு எங்களுக்கு வேண்டாம். "உயில்ல எழுதி வச்சிருதேன்" என்று சொல்பவர்களும் உண்டு. எழுதுங்கள், சந்தோஷம். ஆனால் உயிலை எழுதியவர் எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம் என்பதால், அதை நம்பி நாங்கள் எந்தத் திட்டமும் போடுவதில்லை.

சும்மா வந்த வீடு, வாடகையும் மிச்சம். அப்புறம் எதற்கு நன்கொடை கேட்கிறீர்கள்?

நியாயமான கேள்வி. தானமாக வந்தாலும் பதிவு இலவசமில்லை. அரசு வழிகாட்டி மதிப்பில் முத்திரைக் கட்டணம் 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். பாளையங்கோட்டை மனை மதிப்பு தெரிந்தவர்களுக்கு இதன் பாரம் புரியும். கையில் சேர்த்து வைத்திருந்ததில் பெரும்பகுதி அங்கேயே போயிற்று.

அடுத்தது கூரை. இது மெட்ராஸ் டெரஸ் வீடு. தேக்குக் கட்டைகளின் மேல் சின்னச் செங்கல்லை நிறுத்தி அடுக்கி, சுண்ணாம்புக் கலவை போட்டு, மேலே தட்டோடு பதித்தது. முன்பு யாரோ ஒழுகிய இடத்தில் எல்லாம் சிமெண்டைப் பூசி வைத்திருந்தார்கள். சுண்ணாம்புத் தளம் வெயிலில் விரியும், மழையில் சுருங்கும். சிமெண்ட் அதோடு சேர்ந்து போகாமல் வெடித்துவிடும். அந்த வெடிப்பில் இறங்கும் தண்ணீர் வெளியேற வழியில்லாமல் கட்டைக்குள் போகும். எல்லாவற்றையும் கொத்தி எடுத்துவிட்டு, கடுக்காய்த் தண்ணீரும் கருப்பட்டியும் சேர்த்துச் சுண்ணாம்பு அரைக்கத் தெரிந்த கொத்தனார் ஒருவரைத் தேடிப் பிடித்தோம். ஐப்பசி மழைக்கு முன்னால் முடிக்க வேண்டும் என்பதுதான் ஒரே கெடு. மின்கம்பி முழுக்கப் புதிது. நான்கைந்து கான்சன்ட்ரேட்டரை ஒரே நேரத்தில் ஓட்டிப் பார்க்கிற வேலைக்குப் பழைய வயரிங் தாங்காது.

இதெல்லாம் ஒருமுறை வரும் செலவு. வருடா வருடம் வருவதும் இருக்கிறது. அரையாண்டுக்கு ஒருமுறை சொத்து வரி, குடிநீர்க் கட்டணம், காப்பீடு, கரையான் மருந்து. மின்சாரமும் அப்படித்தான். குடியிருப்பு இணைப்பாக இருந்தபோது இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம். குடியிருப்பு என்பது மாறியதும் அந்தச் சலுகை போய்விடும்.

ஒளிக்காமல் சொன்னால், சொந்தக் கட்டடம் என்பது இன்னொரு நோயாளியைத் தத்தெடுத்த மாதிரி. அதனால் கட்டடக் கணக்கையும் உபகரணக் கணக்கையும் தனித்தனியாகப் பிரித்துவிட்டோம். நீங்கள் கட்டிலுக்கு என்று கொடுத்த பணம் கூரைக்குப் போகாது. எதற்கு என்று சொல்லாமல் கொடுத்தால் உபகரணக் கணக்கில்தான் சேரும்.

ஏன் பாளையங்கோட்டை? ஜங்ஷன் பக்கம் என்றால் எல்லோருக்கும் வசதிதானே?

பஸ்ஸுக்கு வசதிதான். ஆனால் 2023 டிசம்பர் 17, 18 தேதிகளை நாங்கள் மறக்கவில்லை. காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டிய அந்த நாள்தான். தாமிரபரணி கரை தாண்டி ஜங்ஷன், சிந்துபூந்துறை, வண்ணார்பேட்டை, கொக்கிரகுளம் எல்லாம் தண்ணீர். எங்கள் கடைக்குள்ளும் வந்தது. இரும்புக் கட்டிலைக் கழுவி எடுத்துவிடலாம். தரையில் வைத்திருந்த ஏர் பெட் மோட்டார்கள் ஒன்றும் பிழைக்கவில்லை. வெள்ளத்துக்கு அடுத்த வாரம்தான் கட்டிலும் வாக்கரும் அதிகமாகக் கேட்டு வந்தார்கள் என்பது இன்னும் வருத்தம்.

அதனால் இந்த வீட்டைப் பார்க்கப் போனபோது சுவரையும் கூரையையும் பார்ப்பதற்கு முன்னால் தெருவில் வயசானவர்களிடம் விசாரித்தோம். 1992 வெள்ளத்தில் இங்கே தண்ணீர் நின்றதா, 2023-இல் நின்றதா, வாய்க்கால் எந்தப் பக்கம் போகிறது என்று. இரண்டு முறையும் வீட்டுப்படி நனையவில்லை என்றார்கள். அப்புறம்தான் உள்ளே போனோம். இன்னொரு வசதி, ஹைகிரவுண்ட் பெரிய ஆஸ்பத்திரியிலிருந்து ஆட்டோவில் கொஞ்ச நேரம்தான். மருத்துவமனையில் "வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க" என்று சொல்வது பெரும்பாலும் மத்தியானத்துக்கு மேல். அன்று ராத்திரிக்குள் கட்டில் வேண்டும். அந்த அலைச்சல் குறையும்.

அம்பாசமுத்திரம், நாங்குநேரி, திசையன்விளைப் பக்கத்துக்காரர்களுக்கு இந்த மாற்றத்தால் பெரிய வித்தியாசம் இல்லை. அவர்கள் எப்படியும் லோடு ஆட்டோ பிடித்துத்தான் வர வேண்டும். அங்கங்கே ஒரு சின்ன அறை கிடைத்தால் வாக்கர், நாற்காலி மட்டுமாவது வைக்கலாம் என்று யோசனை இருக்கிறது. இப்போதைக்கு யோசனை மட்டும்தான்.

வீட்டுக்குள் எது எங்கே?

திண்ணைக்கு அடுத்த முன்னறையான தார்சாவில் மேசை, பதிவேடு. பட்டாசலில், அதாவது கூடத்தில், கொடுக்கத் தயாராக இருப்பவை. இரண்டாங்கட்டில் பழுதுபார்க்கும் இடம். முற்றமும் அதை ஒட்டிய அங்கணமும் கழுவுவதற்கு. பழைய வீட்டில் அங்கணம் எவ்வளவு அருமையான ஏற்பாடு என்பது கட்டிலைக் கழுவிப் பார்த்தால்தான் தெரியும். அடுக்களையில் காப்பி. மச்சில் காகிதங்களைத் தவிர எதுவும் ஏற்றுவதில்லை, பாரம் கூடாது. அடுக்குகள் முழுக்க இரும்பு. மோட்டார் வைத்த எதுவும் இனித் தரையில் இருக்காது, முதல் தட்டே முழங்காலுக்கு மேல்தான்.

பழைய வீடு என்றால் வாசலில் உயரமான படி இருக்குமே. சக்கர நாற்காலியில் வருகிறவர்கள்?

இதில்தான் அதிக நேரம் செலவானது. வாசல் தெருவிலிருந்து இரண்டு அடி உயரம். சக்கர நாற்காலிக்கான சரிவு ஒரு அடி உயரத்துக்கு 12 அடி நீளம் இருக்க வேண்டும் என்பது கணக்கு. இரண்டு அடிக்கு 24 அடி. முன்வாசலில் அதற்கு இடமே இல்லை. திண்ணையை இடித்தால்கூடப் போதாது.

கொத்தனார் எட்டு அடியில் முடித்துத் தருகிறேன் என்றார். எங்களோடு வேலை செய்கிற, நாற்காலியிலேயே எங்கும் போய்வருகிற தம்பி ஒருவர் அவரிடம் சொன்னார்: "அண்ணாச்சி, நீங்க சொல்லுதது பைக் ஏத்துற சரிவு. இதுல நான் ஏறினா பின்னால சாய்ஞ்சு தெருவுல கெடப்பேன்." பிறகு பக்கத்துச் சந்து வழியாக, வீட்டின் பக்கவாட்டிலேயே 24 அடிச் சரிவு போட்டோம். இரண்டு பக்கமும் கைப்பிடி, மேலே நாற்காலி திரும்புகிற அளவு தட்டையான இடம். உள்ளே போகும் நிலைப்படியையும் தரை மட்டத்துக்கு இறக்கியாயிற்று. நிலைப்படியை வெட்டக்கூடாது என்று இரண்டு பேர் சாஸ்திரம் சொன்னார்கள். அது முன்வாசல் நிலைக்குத்தான், இது பக்கவாசல் என்று சொல்லிச் சமாளித்தோம்.

திண்ணை அப்படியே இருக்கிறது. காத்திருப்பவர்களுக்கு அதைவிட நல்ல இடம் எங்கே?

இவ்வளவு பெரிய வீட்டில் ஒரு முதியோர் இல்லமோ இலவச மருத்துவமனையோ வைக்கலாமே?

வாரத்துக்கு ஒருவராவது சொல்கிறார்கள். நல்ல மனதோடுதான் சொல்கிறார்கள். வைக்க மாட்டோம்.

முதியோர் இல்லம் என்றால் ராத்திரி ஆள் வேண்டும், சமையல் வேண்டும், செவிலியர் வேண்டும், அரசுப் பதிவு வேண்டும். வேலைக்குப் போய்விட்டுச் சாயங்காலம் வருகிற தன்னார்வலர்களால் ஆகிற காரியமில்லை. ஆகாத காரியத்தை ஆரம்பித்தால் பாதிக்கப்படுவது அங்கே வந்து படுத்திருக்கிற பெரியவர்கள். வீடு பெரிதாக இருக்கிறது என்பதற்காக வேலையைப் பெரிதாக்குவதில் எங்களுக்கு நம்பிக்கை இல்லை. எங்கள் வேலை நடப்பது நோயாளியின் வீட்டில். இந்தக் கட்டடம் சாமான் வைக்க, கழுவ, கொடுக்க. சில அமைப்புகள் கட்டடம் வந்த பிறகு ஹாலை வாடகைக்கு விடுவது, விழா நடத்துவது என்று போய், கடைசியில் கட்டடத்தைப் பராமரிப்பதற்காகவே இயங்குவதைப் பார்த்திருக்கிறோம். பட்டாசலைப் பிறந்தநாள் விழாவுக்குக் கேட்டும் ஆள் வந்தாயிற்று. இல்லை என்று சொல்லிவிட்டோம்.

நோயாளியை வீட்டுக்கே வந்து பார்க்கும் வசதிக்கு, 2021 ஆகஸ்டில் தமிழக அரசு தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' இருக்கிறது. இரத்த அழுத்தம், சர்க்கரை மாத்திரை மட்டும் அல்ல, இயன்முறை சிகிச்சையும் படுக்கை நோயாளிகளுக்கான வலி தணிப்புச் சேவையும் அதில் உண்டு. உங்கள் பகுதி ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயரைப் பதிந்துகொள்ளுங்கள்.

எல்லோருக்கும் கொடுப்பீர்களா?

ஆமாம். சாதி, மதம், கட்சி கேட்பதில்லை. படிவத்தில் அந்தக் கட்டமே கிடையாது. வசதியானவர்களுக்கும் கொடுக்கிறோம். அவர்கள் திருப்பித் தரும்போது இன்னொன்றும் வாங்கித் தருவதுண்டு.

முன்பணம் உண்டா? திருப்பித் தராவிட்டால்?

கிடையாது. ஆதார் நகல், நோயாளியின் டிஸ்சார்ஜ் சீட்டு நகல், உள்ளூரில் தெரிந்த ஒருவரின் கையெழுத்து, இவ்வளவுதான். முன்பணம் வைக்காததால் சில வாக்கர்கள் போன இடம் தெரியவில்லை. அதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்வதில்லை, போன் போட்டுக்கொண்டேதான் இருப்போம். ஆனால் ஆஸ்பத்திரிச் செலவு முடிந்து கையில் ஒன்றுமில்லாமல் வந்து நிற்கிறவரிடம் போய் ஆயிரம் ரூபாய் கட்டு என்று சொல்ல வாய் வராது. கான்சன்ட்ரேட்டருக்கு மட்டும் ஒரு நிபந்தனை: டாக்டர் எத்தனை லிட்டர் வைக்க வேண்டும் என்று எழுதிக் கொடுத்த சீட்டு கட்டாயம். மூச்சுத் திணறுகிறது என்பதற்காக நாமாகக் கூட்டி வைப்பது நாள்பட்ட நுரையீரல் நோய்க்காரர்கள் சிலருக்கு ஆபத்து.

எத்தனை நாள் வைத்துக்கொள்ளலாம்?

தேவை இருக்கும்வரை. மாதம் ஒருமுறை கூப்பிட்டுக் கேட்போம். எலும்பு முறிவு என்றால் சில வாரத்தில் வந்துவிடும். பக்கவாதம், முதுகுத்தண்டு அடி என்றால் வருடக்கணக்கில் ஆகலாம்.

நிரந்தரமாகத் தேவைப்படுகிறவர்கள் இரவலிலேயே காலம் தள்ள வேண்டாம். மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் அடையாள அட்டை எடுத்தால் சக்கர நாற்காலி, மூன்று சக்கர வண்டி, காதுக்கருவி எல்லாம் சொந்தமாகவே கிடைக்கும். கடும் பாதிப்பு உள்ள சில பிரிவினருக்கு மாதம் 2,000 ரூபாய் பராமரிப்பு உதவித்தொகையும் உண்டு. 2023 ஜனவரிக்கு முன் அது 1,500 ஆக இருந்தது. விண்ணப்பம் எழுத, ஆவணம் சேர்க்க எங்களில் இரண்டு ஓய்வுபெற்ற ஆசிரியைகள் உதவுகிறார்கள். சொந்த இடம் வந்ததில் எங்களுக்கு உண்மையாகவே சந்தோஷம் தருவது இதுதான். கடையில் இதற்கு உட்கார ஒரு ஸ்டூல் போட இடமில்லாமல் இருந்தது.

இறந்துபோனவர் படுத்த கட்டிலையா எங்களுக்குத் தருகிறீர்கள்?

இருக்கலாம். இல்லை என்று பொய் சொல்ல மாட்டோம். ஆஸ்பத்திரிக் கட்டிலும் அப்படித்தானே.

சுத்தத்தைப் பற்றிய கேள்வியாக இருந்தால் பதில் இது. திரும்பி வரும் ஒவ்வொன்றும் முதலில் சோப்புத் தண்ணீரில் அழுக்குப் போகக் கழுவப்படும். அழுக்கு இருக்கும்போது மருந்து வேலை செய்யாது. அதன் பிறகு ஒரு சதவீத ஹைப்போகுளோரைட் கரைசலைத் தடவிப் பத்து நிமிடம் விட்டு, திரும்ப நல்ல தண்ணீரில் துடைத்து வெயிலில் காய வைப்போம். கடைசித் துடைப்பை விட்டுவிட்டால் இரும்பு துருப்பிடிக்கும். மூக்கில் வைக்கும் ஆக்சிஜன் குழாய், நெபுலைசர் முகமூடி போன்றவற்றை மறுபடி யாருக்கும் தருவதில்லை, புதிதாக நீங்களே வாங்கிக்கொள்ள வேண்டும்.

மனசு சம்பந்தப்பட்டது என்றால் அதற்குக் கரைசல் கிடையாது. ஒரு பாட்டி கட்டிலைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "இதுல படுத்தவங்க எந்திரிச்சுப் போனாங்களா?" என்று கேட்டார். போன தடவை இதில் இருந்தவர் நடந்துபோய்த் திருப்பித் தந்தார் என்று உண்மையிலேயே சொல்ல முடிந்தது. எப்போதும் அப்படி அமையாது.

ஏர் பெட் வாங்கிப்போகிறவர்களுக்கு இடையில் ஒன்று: அதில் படுக்க வைத்துவிட்டோம், இனிப் படுக்கைப்புண் வராது என்று நினைத்துவிடாதீர்கள். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைத்தே ஆக வேண்டும். பெட் அந்த வேலைக்குத் துணைதான்.

செவ்வாய், வெள்ளியில் திருப்பித் தரலாமா?

நாங்கள் எந்தக் கிழமையும் வாங்குவோம். ஆனால் வெள்ளிக்கிழமை வீட்டிலிருந்து ஒரு பொருளை வெளியே அனுப்ப இந்தப் பக்கம் பலரும் விரும்புவதில்லை. அதனால் சனிக்கிழமை எங்களுக்கு மூச்சுவிட நேரம் இருக்காது. இதற்கு நேர்மாறாக, ஒருவர் இறந்துவிட்டால் அன்று ராத்திரியே கட்டிலை எடுத்துக்கொண்டு போங்கள் என்று போன் வரும். அந்த வீட்டில் அந்தக் கட்டிலைப் பார்த்துக்கொண்டு இருக்க முடியாது, புரிகிறது. முடிந்தால் மறுநாள் வருவோம். நடுராத்திரியில் வண்டி கிடைப்பதில்லை. பதினாறு கழியட்டும் என்று வைத்திருப்பவர்களும் உண்டு, அதுவும் சரிதான்.

ஆக்சிஜன் சிலிண்டர் வைத்திருப்பீர்களா?

புது வீட்டில் மாட்டோம். தேக்குக் கட்டைக் கூரையின் கீழ் ஆக்சிஜன் சிலிண்டரை அடுக்குவது புத்திசாலித்தனம் இல்லை. கான்சன்ட்ரேட்டர் காற்றிலிருந்தே பிரித்து எடுப்பதால் அந்தப் பயம் குறைவு. ஆனால் கரண்ட் போனால் நின்றுவிடும். 2023 வெள்ளத்தில் பல பகுதிகளுக்கு நாட்கணக்கில் மின்சாரம் இல்லை. ஆகவே வீட்டில் கான்சன்ட்ரேட்டர் ஓடுகிறவர்கள் ஒரு சிலிண்டரைக் கடையில் வாங்கித் தயாராக வைத்திருங்கள். 'பி டைப்' என்று சொல்லும் நடுத்தரச் சிலிண்டரில் சுமார் 1,500 லிட்டர் இருக்கும். நிமிடத்துக்கு 2 லிட்டர் வைத்தால் பன்னிரண்டு மணி நேரம் வரும். அதை வைத்து மற்ற ஏற்பாட்டைக் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

பழைய துணி, மருந்து, சாமான் கொண்டுவந்து தரலாமா? முகவரியை ஏன் எங்கேயும் போடவில்லை?

இரண்டுக்கும் ஒரே காரணம். பழைய கடையின் முகவரி ஊருக்கே தெரியும். காலையில் ஷட்டரைத் திறக்க வந்தால் வாசலில் கிழிந்த மெத்தை, கால் போன டைனிங் டேபிள், ஒரு தடவை உடைந்த வாஷிங் மெஷின். அதை அப்புறப்படுத்த நாங்கள் வண்டி பிடித்துச் செலவு செய்ய வேண்டும். 2017-இல் ஆட்சியர் அலுவலகத்தின் அருகே 'அன்புச் சுவர்' தொடங்கியபோது துணி, புத்தகம், பாத்திரம் எதையும் வைக்கலாம், வேண்டியவர் எடுக்கலாம் என்றிருந்தது. நல்ல ஏற்பாடு. எங்கள் திண்ணை அது இல்லை. போன் செய்கிறவர்களுக்கு வழி சொல்லுவோம்.

வாங்குவது: நோயாளிக்கான உபகரணங்கள், ஓடாவிட்டாலும் பரவாயில்லை. கால்பலகை இல்லாத சக்கர நாற்காலிகூட உதிரி பாகத்துக்கு ஆகும். பிரிக்காத பெரியவர் டயப்பர் பாக்கெட்டுகள் எப்போதும் வேண்டும். மருந்து, மாத்திரை, துணி, மெத்தை வேண்டாம்.

எங்கள் அப்பா பெயரைச் சுவரில் போடுவீர்களா?

கல்வெட்டு வைக்கவில்லை. வீடு கொடுத்த குடும்பமே வேண்டாம் என்றுவிட்டது, அது எங்களுக்கு வசதியாகப் போயிற்று. கோயில் டியூப் லைட்டில் உபயம் எழுதி எழுதி வெளிச்சத்தை மறைத்த ஊர்தான் நம்முடையது. ஆசை எங்களுக்குப் புரியாமல் இல்லை.

கட்டிலிலும் நாற்காலியிலும் எழுதாததற்கு வேறு காரணம். "அமரர் இன்னார் நினைவாக" என்று கால்மாட்டில் எழுதியிருக்கும் கட்டிலில் ஒருவர் மூன்று மாதம் படுத்திருப்பதை நினைத்துப் பாருங்கள். கண் திறந்தால் அந்த எழுத்து. முன்பு அப்படி வந்த ஒரு கட்டிலின் பெயர்ப்பலகையில் ஒரு வீட்டார் மஞ்சள் துணியைச் சுற்றிக் கட்டியிருந்தார்கள். இப்போது பெயர்கள் தார்சாவில் இருக்கும் பதிவேட்டில் ஏறும். எந்த எண்ணுள்ள கட்டில், யார் நினைவாக, இதுவரை எந்தெந்த ஊருக்குப் போய்வந்தது என்று அதில் இருக்கும். வந்து பார்க்கலாம். பணம் கொடுத்தவர்களுக்குப் பெரும்பாலும் அந்த ஊர்ப்பட்டியல்தான் பிடிக்கிறது.

வரிவிலக்கு உண்டா? வெளிநாட்டிலிருந்து அனுப்பலாமா?

80ஜி என்று சொல்லும் வருமான வரி விலக்கு உண்டு, சில வரம்புகளோடு. ரொக்கமாகக் கொடுத்தால் 2,000 ரூபாய் வரைதான் கணக்கில் வரும். அதற்கு மேல் காசோலை, வங்கி வழி, யுபிஐ. பான் எண் போன்ற அடையாள எண் தராமல் சான்றிதழ் எடுக்க முடியாது. நிதியாண்டு முடிந்ததும் மே 31-க்குள் சான்றிதழ் அனுப்புவோம். புதிய வரிமுறையைத் தேர்ந்தெடுத்தவர்களுக்கு இந்த விலக்கு கிடையாது, ஏமாந்துவிட்டோம் என்று பிறகு கோபப்பட வேண்டாம். பொருளாகக் கொடுத்தாலும் விலக்கு இல்லை. வீட்டையே கொடுத்த குடும்பத்துக்கும் வரியில் ஒரு பைசா குறையவில்லை.

கடைகளில் உண்டியல் வைக்கச் சொல்கிறார்கள். பெயர் தெரியாமல் வரும் பணம் ஒரு அளவைத் தாண்டினால் அறக்கட்டளை அதற்கு 30 சதவீதம் வரி கட்ட வேண்டும். உண்டியலை எண்ணுவதற்கும் ஆளில்லை.

வெளிநாடு: இந்தியக் குடியுரிமையோடு துபாயிலோ சவூதியிலோ வேலை பார்ப்பவர், தன் சொந்தச் சம்பாத்தியத்தை வங்கி வழியாக அனுப்பினால் வாங்கிக்கொள்ளலாம். மேலப்பாளையத்துச் சகோதரர்கள் பலர் அப்படித்தான் அனுப்புகிறார்கள். அமெரிக்க, சிங்கப்பூர், மலேசியக் குடியுரிமை எடுத்துவிட்டவர்களிடம் வாங்க முடியாது. இந்திய வம்சாவளியினருக்குத் தரும் ஓசிஐ அட்டை இருந்தாலும், ரூபாயிலேயே கொடுத்தாலும் சட்டப்படி அது வெளிநாட்டுப் பணம். அதற்கான தனிப் பதிவு எங்களிடம் இல்லை. ஊருக்கு வரும்போது வந்து பாருங்கள், வேலைக்கு ஆள் எப்போதும் பற்றாக்குறைதான்.

இனிச் சம்பளத்துக்கு ஆள் வைப்பீர்களா? சாவி யாரிடம்?

இப்போதைக்கு வைக்கவில்லை. கடையாக இருந்தபோது சாவி பக்கத்து டீக்கடையில் தொங்கும், யார் வேண்டுமானாலும் எடுத்துத் திறப்போம். வீட்டுக்கு அது சரிப்படாது. மூன்று சாவி, மூன்று பேர், வாரத்துக்கு ஒருமுறை கைமாறும். தினமும் சாயங்காலம் நான்கு முதல் ஏழு வரை திறந்திருக்கும். கல்லூரிப் பிள்ளைகள் சனி, ஞாயிறு வருகிறார்கள். தேர்வு மாதங்களில் காணாமல் போவார்கள், அப்போது பெரியவர்கள்தான் கட்டில் தூக்குகிறோம். தூக்கத் தெம்புள்ளவர்கள், வெல்டிங் தெரிந்தவர்கள், டயர் மாற்றத் தெரிந்தவர்கள் மூன்று வகையும் உடனே தேவை. உபகரணங்களைப் பற்றி அறிவுரை சொல்லத் தெரிந்தவர்கள் ஏற்கெனவே போதுமான அளவு இருக்கிறோம்.

திறப்பு விழா எப்போது?

விழா இல்லை. ஆடி கழிந்து ஆவணியில் ஒரு காலை பால் காய்ச்சுகிறோம். ஹோமம் வேண்டும் என்றும் ஜெபம் வேண்டும் என்றும் துஆ வேண்டும் என்றும் எங்களுக்குள்ளேயே பேச்சு வந்தது. பால் பொங்கட்டும், அவரவர் மனசுக்குள் கும்பிட்டுக்கொள்ளலாம் என்று முடிவாயிற்று. மேடை, மாலை, பொன்னாடை கிடையாது. பொன்னாடை கொண்டுவர நினைத்தவர்கள் அதற்குப் பதில் பெட்ஷீட் கொண்டுவாருங்கள்.

இதெல்லாம் இருக்கட்டும். எங்களுக்கு நாளைக்கே கட்டில் வேண்டும். என்ன செய்ய?

முதலில் போன் செய்து இருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். வீட்டு வாசல் அகலத்தை அளந்து வையுங்கள், பல வீடுகளில் கட்டில் நிலையைத் தாண்டாது. தலைமாட்டைப் பிரித்துத்தான் உள்ளே கொண்டுபோக வேண்டும். கட்டில் போடும் இடம் பிளக் பாயிண்ட் பக்கத்தில் இருக்கட்டும். இரண்டு ஆட்கள், ஒரு லோடு ஆட்டோ அல்லது குட்டி யானை, கட்ட ஒரு கயிறு. ஆதார் நகல், டிஸ்சார்ஜ் சீட்டு நகல், உள்ளூரில் தெரிந்த ஒருவரின் கையெழுத்து. கயிறை எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். எங்களிடம் இருந்ததையும் கட்டிக்கொண்டு போய்விட்டார்கள், அதனால் கட்டாயம் கொண்டுவாருங்கள்.